பூட்டிக் கிடந்த ஊர் வீட்டைத் திறக்கிறோம்: பாம்பு, தேள், வீட்டு நஞ்சுகள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்து ஊர் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பழைய வீடு. வாரம் ஒருமுறை வாசல் தெளித்து விளக்கேற்றிப் போகும் அம்மாள் ஒருவரைத் தவிர ஆண்டின் பெரும்பகுதி உள்ளே யாரும் புழங்குவதில்லை. வருகிற மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளப் பங்காளிகள் எல்லாரும் வருவதாக முடிவாகியிருக்கிறது. பத்து நாள் தங்கப் போகிறோம். பெரியவர்கள் பதினான்கு பேர், குழந்தைகள் நான்கு பேர். என் மகனுக்கு மூன்று வயது, நாத்தனார் மகளுக்கு ஒன்றரை வயது.

சென்ற முறை போனபோது நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இன்னும் மனத்தை விட்டு நீங்கவில்லை. இரண்டாம் கட்டில் பழைய பெட்டகங்கள் இருக்கும் அறையைத் திறந்தபோது, நிலைக்கதவுக்குப் பின்னால் தலையிலிருந்து வால் வரை கிழியாமல் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. அன்று மாலையே என் மகன் பூசைத் தட்டிலிருந்து கற்பூர வில்லை ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டான். பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த கற்கண்டு என்று நினைத்திருக்கிறான். என் மாமியார் பார்த்ததால் கையைத் தட்டிவிட முடிந்தது.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முறைகள் சில உண்டு. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்ட வேண்டும், வேப்பிலையையோ மிளகையோ மெல்லக் கொடுத்து, கசப்பும் காரமும் தெரியவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டதாகக் கொள்ள வேண்டும், குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் உப்பைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய வேண்டும் என்கிறார்கள். இவை சரிதானா? வீட்டைத் திறக்கும் முன்பு என்னென்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் குடும்பம் முழுவதற்கும் படித்துக் காட்டுவேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், தேவகோட்டை

சகோதரிக்கு வணக்கம். அரசு மருத்துவமனைகளில் முப்பத்தோர் ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் நான். அதில் பாதிக்கு மேல் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கழிந்தது. பாம்புக்கடியோடு வந்தவர்களில் நாங்கள் இழந்தவர்களை நினைத்துப் பார்த்தால், மருந்து வேலை செய்யாமல் போனவர்களைவிட, மருந்து இருக்கும் இடத்துக்கு வந்து சேரத் தாமதமானவர்களே மிகுதி. அந்தத் தாமதத்துக்கு நீங்கள் எழுதியிருக்கும் வேப்பிலையும் மிளகும் கட்டும்தான் பெரும்பாலும் காரணமாக இருந்தன. ஆகவே உங்கள் கேள்விக்கு முதல் விடை, அவற்றில் எதுவும் சரியில்லை என்பதே.

நம் பகுதியில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் பாம்புகள் நான்கு. எலியைத் தேடி வீட்டுக்குள்ளும் வரும் நல்லபாம்பு, வயலிலும் புதரிலும் இருக்கும் கண்ணாடி விரியன், செம்மண் பொட்டலிலும் கல் இடுக்கிலும் இருக்கும் சுருட்டை விரியன், இரவில் வீட்டுக்குள் நுழையும் கட்டுவிரியன். நல்லபாம்பின் நஞ்சும் கட்டுவிரியனின் நஞ்சும் நரம்பைத் தாக்கி மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். விரியன் இரண்டின் நஞ்சும் இரத்தம் உறையாமல் செய்யும், கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகமும் பழுதாகலாம். நம் நாட்டு மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் பொதுவானது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து அந்த மருந்தைச் செய்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்கு அருகில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நஞ்சை முறிக்கும் மருந்து இது ஒன்றுதான். வேரோ பொடியோ கல்லோ அதைச் செய்வதில்லை.

கட்டுப் போடுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இறுகக் கட்டினால் அந்தக் கைக்கோ காலுக்கோ இரத்த ஓட்டம் நின்றுபோகும். விரியன் கடித்து ஏற்கெனவே வீங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இது தசையை அழுகச் செய்யும். கெண்டைக்காலில் நைலான் கயிறு புதைந்து, தோல் கறுத்து, கயிற்றையே கண்ணால் பார்க்க முடியாத நிலையில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். நஞ்சிலிருந்து அவன் பிழைத்தான். கால் விரல்கள் பிழைக்கவில்லை. யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், வழியில் பதறி அவிழ்க்கவும் கூடாது, ஏனென்றால் தேங்கியிருந்த நஞ்சு ஒரேயடியாக உடலில் பரவி ஆளைச் சாய்த்துவிடலாம். மருத்துவமனையில், ஆயத்தங்களோடு மருத்துவரே அவிழ்க்கட்டும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது, சுடுவது எல்லாம் காயத்தைக் கூட்டுமே தவிர நஞ்சைக் குறைக்காது.

செய்ய வேண்டியவை மிகக் குறைவு. கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, "மருந்து இருக்கிறது, போய்க்கொண்டிருக்கிறோம்" என்று தைரியம் சொல்லுங்கள். கடிபட்ட கையிலோ காலிலோ உள்ள மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எலும்பு முறிந்தால் எப்படிச் சட்டம் வைப்போமோ அப்படி ஒரு பலகைத் துண்டையோ மடித்த செய்தித்தாளையோ வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, அந்த உறுப்பு அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவரை நடக்க விடாதீர்கள். தசை அசைய அசைய நஞ்சு விரைவாகப் பரவும். வாந்தி வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 108க்கு அழையுங்கள், வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் வீட்டுக் காரிலேயே புறப்பட்டு விடுங்கள்.

பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு, இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றி வந்ததைப் பார்த்திருக்கிறேன். தொலைவிலிருந்தபடி கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். எந்தப் பாம்பு என்று தெரியாமலேயே சிகிச்சை நடக்கும். 2 மில்லி இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். கண் இமை சரிகிறதா, விழுங்க முடிகிறதா, கழுத்து நிற்கிறதா என்று பார்ப்பது நரம்பு நஞ்சுக்கான சோதனை. அறிகுறி ஒன்றுமே இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

மந்திரித்து நீர் தெளித்துப் பிழைத்தவர்களைத் தாங்களே பார்த்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடித்துவிடும். அப்படிப்பட்டவர்கள் எதுவும் செய்யாமலிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது; அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கணக்கு அரசுக்குப் போக வேண்டும்.

ஊருக்குப் போன முதல் நாளே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். உங்கள் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருப்பு உள்ளதா, இரவில் மருத்துவர் இருப்பாரா, இல்லையென்றால் நேரே எங்கே போக வேண்டும் என்று நேரில் கேட்டு எழுதி வையுங்கள். கடிபட்ட பிறகு கேட்கும் கேள்வி அல்ல அது.

மறுமொழி: பள்ளத்தூர்க்காரர்

ஆச்சிக்கு வணக்கம். செவிலியர் அம்மா சொன்னதில் கட்டுவிரியன் பற்றி மட்டும் நான் கூடுதலாக எழுத விரும்புகிறேன். அது எங்கள் வீட்டில் நடந்தது.

என் அப்பச்சியின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் காற்றோட்டமாக இருக்கும் என்று வளவுத் தாழ்வாரத்தில் தரையில் கோரைப்பாயை விரித்துப் படுத்தார். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சிக்காக நாம் எல்லாரும் விரும்பிச் செய்வதுதான். இரவு மூன்று மணிக்கு எழுந்து வயிறு வலிக்கிறது என்றார். கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சின்னம்மா சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தார். ஐந்து மணிக்குத் தொண்டை வலிக்கிறது, கண் சொருகுகிறது என்றார். இரவெல்லாம் தூக்கமில்லாததால் அப்படி இருக்கும் என்று எல்லாரும் சொன்னோம். விடிந்தபோது இரண்டு இமைகளும் பாதி மூடியிருந்தன. பார்ப்பதற்கு அவர் தலையைப் பின்னால் சாய்த்துத்தான் பார்த்தார். கரண்டியில் தண்ணீர் கொடுத்தால் விழுங்க முடியாமல் கடைவாய் வழியே வழிந்தது. அப்போதுதான் காரை எடுத்தோம்.

முதலில் போன இடத்தில் இதைப் பக்கவாதம் என்று கருதி ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார்கள். அடுத்த மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நேற்று இரவு தரையில் படுத்திருந்தாரா?" என்பதுதான். உடம்பு முழுவதும் தேடியும் கடிவாய் தெரியவில்லை. கட்டுவிரியனின் பல் மிகச் சிறியது, கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, தூங்குகிறவர் விழிக்கக்கூட மாட்டார் என்று அவர்தான் விளக்கினார். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையைச் சிதைத்த பிறகு விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் அந்தச் சேதம் உடனே சரியாகாது. நரம்பு தானே தேறும் வரை இயந்திரத்தின் மூலம் மூச்சு கொடுக்க வேண்டும் என்றார். ஆறு நாள் அப்படியே இருந்தார். ஏழாம் நாள் கண்ணைத் திறந்து சின்னம்மாவைப் பார்த்தார். கண்ணை மூடிக் கிடந்த நாள்களில் பக்கத்தில் பேசியதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது என்று பிறகு அவர் சொன்னபோது, அந்த அறையில் நம்பிக்கை இழந்து நாங்கள் பேசிய பேச்சை எல்லாம் நினைத்துத் துடித்துப் போனோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தரையில் படுப்பதில்லை. கட்டில் போதவில்லை என்றால் பெஞ்சுகளைச் சேர்த்துப் போடுகிறோம். தரையில்தான் படுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் கொசுவலையைக் கட்டி, அதன் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். கொசுவை மட்டுமல்லாமல் கட்டுவிரியனையும் அது தடுக்கும். இரவில் தரையில் படுத்த ஒருவர் விடியும் முன்பு வயிற்று வலி, தொண்டை வலி, இமைச் சரிவு என்று சொன்னால், காயம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

மறுமொழி: கோட்டையூர் வீட்டுப் பராமரிப்பாளர்

வெளியூரில் இருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில் என்பதால் திறக்கும் முன்பு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாம்பு வீட்டைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. மேல்தளத்தில் பழைய சாக்கு, அட்டைப்பெட்டி, கொட்டிக் கிடக்கும் தானியம் ஆகியவை இருந்தால் முதலில் அவற்றை அகற்றச் சொல்லுங்கள். வளவில் விழும் மழைநீர் வெளியேறும் சலதாரைத் துளைதான் நம் வீடுகளில் பாம்பு நுழையும் முதன்மையான வழி. ஒரு விரல்கூட நுழையாத இரும்பு வலையை இருபுறமும் பதித்துவிடுங்கள். ஒருபுறம் மட்டும் பதித்தால் உள்ளே நுழைந்தது வெளியேற முடியாமல் அங்கேயே சுருண்டு கிடக்கும். பின்கட்டுக் கதவின் கீழே தேய்ந்துபோன இடைவெளிக்குத் தடித்த ரப்பர்ப் பட்டையை அடிக்கலாம். விறகையும் ஓட்டுக் குவியலையும் சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி வைக்க வேண்டும்.

பூட்டிய அறைகளைப் பகலில், சன்னல் திறந்து வெளிச்சம் வந்த பிறகு, மூடிய செருப்பு அணிந்து, நீண்ட கம்பால் தட்டிக்கொண்டே சுத்தம் செய்ய வேண்டும். கைவிட்டு எதையும் எடுக்கக் கூடாது. இரவில் பின்கட்டுக்குப் போகிறவர் யாராயினும் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. பூண்டு நசுக்கி வைப்பதும் பினாயில் தெளிப்பதும் பாம்பைத் தடுக்கும் என்று நம்பி வலை பதிக்காமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே பாம்பைப் பார்த்தால் அந்த அறைக் கதவை மூடி, கீழ் இடைவெளியில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த சட்டை சாரையுடையதாகவும் இருக்கலாம். சாரை எலி தின்னும், நஞ்சில்லாதது.

மறுமொழி: மருந்துக்கடைக்காரர், புதுவயல்

பாம்பைப் பற்றி மூவரும் நன்றாக எழுதிவிட்டார்கள். ஆனால் சகோதரி எழுதிய இரண்டு நிகழ்ச்சிகளில் எனக்கு அதிக அச்சம் தந்தது கற்பூரம்தான். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரண்டு மூன்று வில்லைகளே ஆபத்தாகலாம். விழுங்கிய சில நிமிடங்களிலேயே, முன்னறிகுறி ஏதுமின்றி வலிப்பு வரக்கூடும். பூசைத் தட்டில் கற்கண்டும் கற்பூரமும் ஒன்றையொன்று ஒட்டி, இரண்டும் வெள்ளையாக, இரண்டும் சிறு கிண்ணத்தில் இருக்கின்றன. ஒன்றைத் தின்னக் கொடுத்துவிட்டு மற்றதைத் தொடாதே என்றால் மூன்று வயதுக்கு விளங்காது. கற்பூரத்தைத் திருகுமூடி டப்பாவில் போட்டு மாடத்தில் உயர வைத்து, ஆரத்தி நேரத்தில் மட்டும் எடுங்கள். பெட்டகத்தில் பட்டுச் சேலைகளுக்கிடையே போட்டு வைக்கும் அந்துருண்டையும் அப்படித்தான், பார்ப்பதற்கு மிட்டாய் போலவே இருக்கும். பரம்பரையாக ஒருவகை நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அந்தத் துணியை வெயிலில் காற்றாட உலர்த்தாமல் கைக்குழந்தைக்குப் போர்த்தக்கூடக் கூடாது.

அடுத்தது பாட்டில்கள். தேக்குக் கதவுக்கும் தூணுக்கும் பாலீஷ் போட ஆள் வரும் வீடுகளில் டர்பன்டைனையும் தின்னரையும் குடிநீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றித் திண்ணையில் வைத்துவிடுகிறார்கள். என் கடைக்கு ஓடிவந்த ஒரு தாயின் இடுப்பில் இருந்த குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. சட்டையில் டர்பன்டைன் வாடை. வழியிலேயே விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்ததாகச் சொன்னார். அதுதான் செய்யவே கூடாதது. மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் போன்றவை வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் கொடியது. வாந்தி எடுக்கும்போது அவை மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அந்தக் குழந்தை நிமோனியாவோடு பத்து நாள் மருத்துவமனையில் இருந்து தேறியது. இவற்றைக் குடித்த குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் குறைந்தது 6 மணி நேரம் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

கழிவறை அமிலமோ காரமோ குடித்திருந்தாலும் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. உள்ளே போகும்போது ஒருமுறை சுட்டது, வெளியே வரும்போது மறுமுறை சுடும். உப்புக் கரைசல் பற்றிப் பெரியவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். அதிக உப்பு சிறு குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைப் பாதிக்கும். விழுங்கிய பொருள் கொல்லாவிட்டாலும் அந்த உப்பு கொல்லக்கூடும். பால், முட்டை, எண்ணெய் எதுவும் நஞ்சை முறிப்பதில்லை. வாயில் மிச்சம் இருந்தால் விரலால் வழித்துத் துடைத்துவிட்டு, அந்தப் பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் பட்டிருந்தால் துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவுங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் அதற்காகப் புறப்படுவதைத் தள்ளிப் போடாதீர்கள், காரில் போய்க்கொண்டே பேசலாம்.

எலி மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். பூட்டிய வீட்டில் எலிக்கு மருந்து வைப்பது வழக்கம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. ஆனாலும் பழைய டியூப் ஏதாவது ரொட்டித் துண்டில் தடவியபடி மேல்தளத்தில் கிடக்கலாம். அதைத் தின்ற குழந்தை முதல் நாள் சற்று வாந்தி எடுத்துவிட்டு, மறுநாள் சரியானது போலத் தெரியும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மாற்று மருந்து கிடையாது. சரியாகிவிட்டது என்று நம்பி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் மஞ்சள் காமாலையோடு வருவதுதான் வழக்கமாக நடக்கிறது. எலிப்பொறியே போதும், மருந்து வேண்டாம்.

பெரியவர்கள் பதினான்கு பேர் வருகிறார்கள் என்றீர்கள். அப்படியானால் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் எத்தனை கைப்பைகளில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஐயா முகப்புச் சன்னல் மேடையில் திறந்து வைக்கும் மாத்திரை டப்பா, பேரனின் கைக்கு எட்டும் உயரம். சில வகைச் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், பல மணி நேரம் கழித்தும் குழந்தையின் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கத்தில் ஆழ்த்திவிடும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையும் குழந்தைக்குக் கொடிய நஞ்சுதான். ஒரு பூட்டுள்ள அலமாரியை எல்லாருக்கும் பொதுவாக ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று, வீட்டைத் திறக்கும் நாளில் கழிவறைகளை அவசரமாகக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் சேர்த்து ஊற்ற வேண்டாம் என்று வேலை செய்பவரிடம் சொல்லுங்கள். குளோரின் வாயு கிளம்பி, சிறிய அறையில் மூச்சு முட்டிவிடும்.

கேள்வி கேட்டவர்

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். உப்புக் கரைசல் பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கற்பூரத்துக்குத் திருகுமூடி டப்பா வாங்கிவிட்டோம். சலதாரைக்கு வலை பதிக்க ஆளிடம் சொல்லியாகிவிட்டது. இரண்டு சந்தேகங்கள் மீதமுள்ளன. எங்கள் பின்கட்டில் செந்தேள் உண்டு. பனைமரத்தில் கதண்டுக் கூடும் இருக்கிறது. இவற்றுக்கும் பாம்புக்கடி மருந்துதானா? அடுத்து, பாம்பு கடித்தது குழந்தையை என்றால் எடைக்கு ஏற்றபடி மருந்தைக் குறைத்துத்தானே கொடுப்பார்கள்? அவன் எடையை எழுதி வைக்கட்டுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், தேவகோட்டை

சகோதரி, தேளுக்கு மருந்து வேறு. கருந்தேளும் நட்டுவாக்காலியும் கடுமையாக வலிக்குமே தவிர உயிருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. செந்தேள் அளவில் சிறியது, குழந்தைகளுக்குக் கொடியது. கொட்டிய பிறகு வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, கை கால் சில்லிட்டுப் போதல் ஆகியவை தெரிந்தால் நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது என்று பொருள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்குப் போகலாம். மகாராட்டிர மாநிலம் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற விலை குறைந்த மாத்திரையே இதற்குப் பயன்படும் என்று நிறுவினார். அதற்குப் பிறகு செந்தேள் கொட்டி இறப்பது பெருமளவு குறைந்தது. அந்த மாத்திரையை வீட்டில் வாங்கி வைத்துக் கொடுக்காதீர்கள், அழுத்தத்தை அளந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குழந்தையின் எடையை எழுதி வையுங்கள், இதற்கும் மற்ற மருந்துகளுக்கும் அது உதவும்.

கதண்டுக் கூட்டை நீங்களே புகை போட்டுக் கலைக்க முயல வேண்டாம், தீயணைப்புத் துறையினரிடம் சொல்லுங்கள். பல கதண்டுகள் சேர்ந்து கொட்டியிருந்தாலும், ஒன்றே கொட்டி உதடு வீங்கி மூச்சு இழுத்தாலும், வலி மருந்து தடவிக்கொண்டு காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை: பாம்புக்கடி மருந்தைக் குழந்தைக்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை அல்லவா? பெரியவருக்குத் தொடக்கத்தில் 8 முதல் 10 குப்பிகள் ஏற்றுவோம்; மூன்று வயதுக் குழந்தைக்கும் அதே 8 முதல் 10 குப்பிகள்தான். இவ்வளவு சிறிய பிள்ளைக்கு இத்தனை குப்பியா என்று பதறி, பாதியில் நிறுத்தச் சொல்லி எங்களோடு வாதாடிய பெற்றோர் உண்டு. மருந்து ஏறும்போது உடம்பில் தடிப்பும் நடுக்கமும் வரலாம், அதற்கான ஊசியைப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். அப்போது நீங்கள் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவனோடு பேசிக்கொண்டே இருங்கள்.